ரோலர் கோஸ்டர் ஹார்னஸால் தோள் நோகிறதா? ரயில் கிளம்பு முன்னரே நடக்கும் தவறுகள்

கொழும்பில் சொல்லிக்கொள்ளும்படியான ரோலர் கோஸ்டர் எதுவும் இல்லை. பண்டிகைக் காலத்தில் கானிவல் வந்தால் ராட்டினம், சங்கிலி ஊஞ்சல், சின்னச் சுற்று ரயில், அதோடு சரி. அதனால் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்து போகிற நம்மில் பலர் முதன்முதலில் தலைகீழாகச் சுற்றுவது சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸில்தான். சென்னைப் பக்கம் திருப்போரூருக்கு அருகே வொண்டர்லாவும் வந்துவிட்டதால் இனி அங்கேயும் வரிசையில் நிற்போம். போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பயந்த கதையைவிட நொந்த கதைதான் நீளமாக இருக்கும். தோள் நோகுது, காது கன்றிப்போச்சு, கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

பழியெல்லாம் தோளுக்கு மேலால் இறங்கி நம்மை இருக்கையோடு பூட்டும் ஹார்னஸுக்கும் தலைகீழ் வளையத்துக்கும் போய்விடுகிறது. கரடுமுரடான தண்டவாளங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் என்னைக் கேட்டால், இந்த நோவில் நம் கைக்கு எட்டிய பங்கு, ரயில் கிளம்பு முன் உட்காரும் அந்த அரை நிமிடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

அதில் பெரிய தவறு சரிந்து உட்காருவது. வெயிலில் வரிசையில் நின்ற களைப்பில், இருக்கை கிடைத்ததும் வீட்டுச் சோபாவில் விழுவதுபோல் விழுகிறோம். இடுப்புக்கும் இருக்கையின் முதுகுப் பக்கத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி கிடக்கும். முதுகு வளைந்து, தோள் தாழ்ந்திருக்கும் அந்த நிலையிலேயே ஹார்னஸ் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். ஓட்டம் தொடங்கியதும் உடம்பு தானாக நிமிரப் பார்க்கும், நிமிர இடமிருக்காது. காறை எலும்பு ஹார்னஸின் அடிப்பக்கத்தில் போய் முட்டும். அதன்பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் அதே இடத்தில் அடி. இதற்குச் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். முதலில் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி இருக்கையின் மூலையில் பொருத்துங்கள். முதுகையும் தலையையும் நன்றாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஹார்னஸை நீங்களே மெதுவாக இழுத்து இறக்குங்கள்.

ஹார்னஸ் பூட்டிய பிறகு கீழே இறங்குமே தவிர மேலே வராது. பழைய வகைகளில் பற்களில் மாட்டி 'டிக் டிக்' என்று படிப்படியாக இறங்கும். புதிய பலவற்றில் ஹைட்ரோலிக் உருளை இருப்பதால் சத்தமே இல்லாமல் எந்த உயரத்திலும் நிற்கும். டிக் சத்தத்தை எண்ணிப் பாதுகாப்பை அளப்பதில் அர்த்தமில்லை. பள்ளத்தில் ரயில் விழுந்து எழும்போது உடம்பு அமுங்கும். அப்போது இன்னும் கொஞ்சம் இறங்கி அங்கேயே நின்றுவிடும் ஹார்னஸ்களும் உண்டு. பயத்தில் பக்கத்திலிருக்கும் தம்பியிடம் 'இன்னும் அமத்து, இன்னும் அமத்து' என்று சொல்லி நெஞ்சோடு ஒட்டவைத்தவர், முதல் பள்ளத்துக்குப் பிறகு மூச்சுவிடக் கஷ்டப்படுவது இதனால்தான்.

நேர் எதிரான தவறும் நடக்கிறது. மூச்சை இழுத்து நெஞ்சை உப்பவைத்து, பூட்டியதும் மூச்சை விட்டு, 'எனக்குத் தாராளமாக இடம் இருக்கு' என்று மகிழ்பவர்கள். அந்த இடைவெளிக்குள் உடம்பு ஆடும், தலை ஹார்னஸின் இரு பக்கமும் மாறி மாறி மோதும். காது கன்றுவது பெரும்பாலும் இப்படித்தான். சாதாரணமாக மூச்சுவிட்டபடி, தோளைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி இறக்கினால் போதும். எங்கேயாவது குத்தினால் கையை உயர்த்தி ஊழியரைக் கூப்பிடுங்கள். நிலையத்தில் நிற்கும்வரைதான் திறந்து மறுபடி பூட்டித் தர முடியும். பின்னால் சனம் காத்திருக்கிறதே என்று கூச்சப்பட்டுப் பேசாமல் இருப்பதும் ஒரு தவறுதான்.

நகை விஷயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. நம்மூர்த் தாலிக்கொடியின் கனம் தெரியும்தானே. அது சட்டைக்குள் ஒருபக்கம் ஒதுங்கிக் கிடக்க, அதன்மேல் ஹார்னஸ் வந்து உட்கார்ந்தால், இறங்கும்போது காறை எலும்பின்மேல் கொடியின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். கழற்ற மனமில்லாதவர்கள் ஹார்னஸை இறக்கு முன் கொடியை நெஞ்சின் நடுவுக்கு இழுத்துவிட்டாலே பாதி நோவு குறையும். தோடு, ஜிமிக்கியைக் கழற்றத்தான் வேண்டும். அதைவிடப் பொல்லாதது பின்னந்தலையில் மாட்டும் பெரிய நண்டு கிளிப். அது இருக்கும்வரை தலை இருக்கையில் படாது. இரண்டு விரல் முன்னால் தொங்கிக்கொண்டே இருக்கும். ரயில் வேகமெடுக்கும்போது கிளிப் மண்டையில் குத்தும். கொண்டையும் அப்படித்தான். தலைமுடியைத் தாழ்வாகப் பின்னிக்கொண்டு போங்கள்.

தலை ஏன் சாய்ந்திருக்க வேண்டும் என்றால், கணக்கு எளிது. ஒரு பெரிய ஆளின் தலை 5 கிலோ அளவில் இருக்கும். வளையத்தின் அடியில் 4 ஜி, அதாவது எடையைப்போல் நாலு மடங்கு அழுத்தம் வந்தால் அந்தத் தலையைத் தாங்கும் கழுத்துக்கு அது 20 கிலோ. இந்த நேரம் பார்த்து மகள் கத்துகிறாளா சிரிக்கிறாளா என்று பக்கவாட்டில் திரும்பினால் கழுத்து பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? முன்னால் தண்டவாளம் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் உடம்பு தானே தயாராகிவிடும். கண்ணை இறுக மூடிக்கொள்பவர்களுக்குத்தான் அடி எதிர்பாராமல் விழுகிறது, வயிற்றையும் பிரட்டுகிறது.

'தோளுக்கு ஹார்னஸ் இல்லையென்றால் அதில் ஏறமாட்டேன்' என்கிற பிடிவாதத்தையும் பார்க்கிறேன். தொடைக்கு மேல் இறங்கும் கம்பி மட்டும் இருந்தால் விழுந்துவிடுவோம் என்ற எண்ணம். கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டனில் 1976இல் திறந்த ரெவலூஷன்தான் நவீன காலத்தின் முதல் செங்குத்து வளையக் கோஸ்டர். அது தொடைக் கம்பியோடுதான் ஓடத் தொடங்கியது. வளையத்தின் வடிவமும் வேகமும் சரியாக இருந்தால் உச்சியில்கூட உடம்பு இருக்கையை நோக்கியே அழுத்தப்படும். பிற்பாடு அதற்குத் தோள் ஹார்னஸ் மாட்டினார்கள். தண்டவாளம் அதேதான், ஆனால் தலை அடிபடுகிறது என்ற குறை சேர்ந்துகொண்டது. கடைசியில் 2016இல் புதிய ரயில்களோடு மறுபடி தொடைக் கம்பிக்கே போய்விட்டார்கள். தடுப்பு பெரிதாக இருந்தால் பாதுகாப்பும் பெரிது என்பது நம் மனக்கணக்கு மட்டும்தான். அந்தந்த ஓட்டத்துக்கு எது வேண்டும் என்பதைத் தண்டவாளம்தான் முடிவு செய்கிறது. சிங்கப்பூரில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு பேட்டில்ஸ்டார் கலக்டிகா ரயில்களைப் பாருங்கள். கால் தொங்கத் தொங்கத் தலைகீழாகச் சுற்றும் சைலோனுக்குத் தோள் ஹார்னஸ். உட்கார்ந்து போகும் ஹியூமனில் தலைகீழ்ச் சுற்று இல்லை, தொடைக் கம்பி. முதல் தடவை போகிறவர்கள் ஹியூமனில் ஏறிப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போவது நல்லது.

இருக்கை தெரிவில் ஒரு வார்த்தை. கடைசி வரிசை இறக்கங்களில் இழுபட்டுப் பறக்கும்; அதில்தான் சுகம் என்பார்கள், கழுத்துக்கு அது சுகமில்லை. நேரே சில்லுக்கு மேல் இருக்கும் வரிசையில் அதிர்வு அதிகம். நாலு பேர் ஒரே வரிசையில் இருக்கும் ரயிலில் ஓரத்தைவிட நடு இருக்கைகள் அமைதி. தெரியாத ரயிலில் முன்பாதியில் நடு இருக்கை கேளுங்கள்.

உடம்பு பருமனானவர்களும் நெஞ்சு அகலமானவர்களும் வாசலில் வைத்திருக்கும் மாதிரி இருக்கையைத் தாண்டிப் போவதைக் கவனித்திருக்கிறேன். எல்லோர் முன்னாலும் உட்கார வெட்கம். பிறகு ரயிலில் ஹார்னஸ் பூட்டாமல் எழுப்பி அனுப்பினால் வெட்கம் இரட்டிப்பு. அந்த இடத்தில் ஊழியரோடு வாக்குவாதப்படவே கூடாது. 2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஒர்லாண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவன் கோபுரத்திலிருந்து விழும் சவாரியில் ஹார்னஸுக்குள்ளிருந்து வழுக்கி இறந்துபோனான். அவன் இருந்த இருக்கையின் சென்சர், ஹார்னஸ் வழமையைவிட அகலமாகத் திறந்திருந்தாலும் 'சரி' என்று காட்டும்படி மாற்றப்பட்டிருந்தது என்று விசாரணையில் தெரியவந்தது. பூட்டு விழாத இருக்கையில் 'பரவாயில்லை' என்று யாராவது சொன்னால்தான் பயப்பட வேண்டும்.

பிள்ளைகளின் உயரமும் அதே கதைதான். சைலோனுக்கு 125 சென்டிமீட்டர் வேண்டும். சப்பாத்துக்குள் கடதாசி வைத்து உயரத்தைக் கூட்டுகிற அம்மாக்கள் உண்டு, சிரிப்பாகவும் வருகிறது, கோபமாகவும் வருகிறது. குட்டையான பிள்ளைக்கு ஹார்னஸ் தோளில் உட்காராது; தாடையையும் காதையும்தான் தட்டிக்கொண்டிருக்கும்.

கட்டுநாயக்கவில் இரவு விமானம் ஏறி, தூங்காமல் விடியத் தரையிறங்கி, பையை ஹோட்டலில் போட்டுவிட்டு நேரே பூங்காவுக்கு ஓடுவது நம் வழக்கம். தூக்கம் கெட்ட கழுத்து முதலிலேயே இறுகித்தான் இருக்கும். பெரிய சவாரிகளை அடுத்த நாள் காலைக்கு வையுங்கள். புரியாணியை அவற்றுக்குப் பிறகு வையுங்கள். கர்ப்பிணிகளும், இதய நோய், கழுத்து முதுகெலும்புப் பிரச்சினை உள்ளவர்களும் ஏறவே வேண்டாம்.

இறங்கிய பிறகு தோள்சதை நொந்தால் கொஞ்சம் சித்தாலேப தைலம் தடவி ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் போய்விடும். தலையிடி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி வந்தாலோ, கை விறைத்தாலோ, பேச்சுத் தடுமாறினாலோ தைலத்தோடு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் டொக்டரிடம் என்றைக்கு எந்த மாதிரி சவாரியில் ஏறினீர்கள் என்பதையும் சொல்லுங்கள், அவராகக் கேட்கமாட்டார்.