லயனல் இன்ஜினுக்கு எந்த டெண்டர்? ஆண்டைப் பார்த்துப் பொருத்துங்கள்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவின் லயனல் நிறுவனம் செய்த பொம்மை ஸ்டீம் இன்ஜினுக்கு டெண்டர் (இன்ஜினுக்குப் பின்னால் மாட்டும் நிலக்கரி, தண்ணீர் வண்டி) தேடுகிறவர்கள் பெரும்பாலும் கேபின் பக்கவாட்டில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். ஒரே எண் பல ஆண்டுகள் விற்பனையில் இருந்தது. நடுவில் டெண்டர் மாறியது. அதனால் முதலில் இன்ஜினின் ஆண்டைக் கண்டுபிடியுங்கள்.

2-8-4 பெர்க்ஷயர் வகையை எடுத்துக்கொள்வோம் (முன், நடு, பின் சக்கரங்களின் எண்ணிக்கைதான் 2-8-4). 1946 முதல் 1949 வரை அதன் எண் 726, அதற்கு 2426டபிள்யூ டெண்டர். இது முழுக்க உலோக வார்ப்பு, 12 சக்கரம். கையில் எடுத்தாலே கனம் சொல்லிவிடும். 1946 இன்ஜினில் புகை மாத்திரை வைக்கும் குழியுள்ள பல்பால் புகை வரும், 1947-லிருந்து ஹீட்டர்.

1950-ல் எண் 736 ஆனது, சக்கரத்தில் காந்தம் வந்தது. குண்டூசியை டிரைவிங் சக்கரத்தருகே கொண்டுபோங்கள். இழுத்தால் காந்த வகை. 1950, 51-க்கு 2671டபிள்யூஎக்ஸ், பக்கத்தில் 'லயனல் லைன்ஸ்' என்று இருக்கும். கொரியப் போரால் காந்த உலோகம் கிடைக்காத 1952-ல் காந்தம் இல்லாமல் 726ஆர்ஆர் வந்தது, அதற்கு 2046டபிள்யூ. 1953-ல் 736 திரும்பியபோதும் அதே 2046டபிள்யூதான். 1961-லிருந்து 736டபிள்யூ.

இந்தக் கடைசி டெண்டரில் 'பென்சில்வேனியா' என்றிருக்கும். அந்த ரயில்வேயிடம் நிஜத்தில் பெர்க்ஷயரே கிடையாது என்பதால், தவறு என்று நினைத்துச் சிலர் மாற்றிவிடுகிறார்கள். மாற்றாதீர்கள், தொழிற்சாலையிலிருந்து வந்ததே அப்படித்தான்.

6-8-6 டர்பைனில் 671-க்கு முதலில் 671டபிள்யூ, 1948-லிருந்து 2671டபிள்யூ. அதே உடலில் வந்த 2020-க்கு 1948, 49-ல் 6020டபிள்யூ. 1952-ன் 671ஆர்ஆர், 1954-ன் 682 இரண்டுக்கும் 2046டபிள்யூ-50. இது 2046டபிள்யூவின் உடல்தான். எழுத்து மட்டும் 'பென்சில்வேனியா'.

773 ஹட்சனில் சிலிண்டருக்கு மேலுள்ள நீராவிப் பெட்டியைப் பாருங்கள். வால்வ் கைடு (வால்வ் தண்டுக்கான சிறு நீட்சி) இருந்தால் 1950, 2426டபிள்யூ வேண்டும். இல்லையென்றால் 1964 அல்லது அதற்குப் பிந்தையது. 'நியூயார்க் சென்ட்ரல்' என்றுள்ள 773டபிள்யூ பொருந்தும். 1964-ல் 736டபிள்யூவோடும் விற்றார்கள், அதுவும் சரியே.

டெண்டர் எண்ணின் முடிவில் 'டபிள்யூ' (W) என்றால் உள்ளே விசில் உண்டு, 'டி' (T) என்றால் இல்லை. பக்கவாட்டில் எண் இல்லாவிட்டால் பின்புறமும் அடித்தட்டும் பாருங்கள். மை அழிந்திருக்கலாம், அதனால் சாய்வாக வெளிச்சம் பிடித்துத் தேடுங்கள்.

வாங்குமுன் இன்ஜினைக் கழற்றி, டெண்டரை மட்டும் தண்டவாளத்தில் வைத்து 12 முதல் 14 வோல்ட் ஏசி கொடுத்து டிரான்ஸ்ஃபார்மரின் விசில் லீவரை அழுத்துங்கள். விசில் மோட்டார் ஏசியில் ஓடுகிறது, ஆனால் அதை இயக்கும் ரிலே (மின்காந்த சுவிட்ச்) டிசியில்தான் இழுக்கும். சத்தமே வராவிட்டால் டெண்டரைக் குறைசொல்லும் முன் வேறு டிரான்ஸ்ஃபார்மரில் போட்டுப் பாருங்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர்களில் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் டிஸ்க் தளர்ந்து போயிருக்கலாம். அதிலும் வராவிட்டால் பிக்கப் ரோலர் (தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் உருளை), ரிலே முனை, கம்யூட்டேட்டர் (மோட்டார் சுழலியில் பிரஷ் உரசும் பகுதி) என்ற வரிசையில் துடையுங்கள். விசில் நிற்காமல் ஊதினால் ரிலே முனை ஒட்டிக்கொண்டிருக்கிறது.