சொல்லிச் செய்வித்த பிளேட்: முதல் தடவை மேசைப்பந்து மட்டை செய்விப்பவர்களுக்கு

தங்கச்சிக்குக் கை சின்னது. கடையில் வாங்கிய மட்டையைப் பிடித்தால் சுண்டுவிரல் பிடியைச் சுற்றி வராது, பேக்ஹாண்ட் (புறங்கைப் பக்கத்தால் அடிப்பது) அடிக்கும்போது மட்டை உள்ளங்கைக்குள் புரளும். "இறுக்கிப் பிடி" என்று இரண்டு வருடமாக அவளையே திருத்திக்கொண்டிருந்தேன். பிடி அவள் கைக்குப் பெரிது என்பது பிந்தித்தான் விளங்கியது. அதன் பிறகு அவளுக்கென்று ஒரு பிளேட் செய்விக்கக் கொடுத்தோம். திருகோணமலையில் இருந்துகொண்டு அதைச் செய்வித்து, றப்பர் ஒட்டி, ஆடிப் பழகிய வரைக்கும் உள்ளதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

பிளேட் என்றால் றப்பர் ஒட்டாத வெறும் மரப்பகுதி, பிடியும் சேர்த்து.

1. அளவு சொல்வது

சர்வதேச விதிப்படி மட்டை எந்த அளவிலும் வடிவிலும் எடையிலும் இருக்கலாம். பிளேட் தட்டையாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும், அதன் தடிப்பில் 85 சதவீதமாவது இயற்கை மரமாக இருக்க வேண்டும். ஆகவே செய்வித்த பிளேட்டைப் போட்டிக்குக் கொண்டுபோகலாமா என்று பயப்பட வேண்டாம். றப்பர்தான் சர்வதேச சம்மேளனத்தின் அனுமதி பெற்றதாக இருக்க வேண்டும்.

பிடியை அளக்க ஒரு நூல் போதும். தெரிந்தவர்களின் மட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பிடித்துப் பாருங்கள். கைக்கு இதமாக இருக்கும் ஒன்றைக் கண்டால், அதன் பிடியின் நடுவில் நூலைச் சுற்றிப் பேனையால் குறித்து, நீளத்தை மில்லிமீற்றரில் எழுதிக்கொள்ளுங்கள். தங்கச்சிக்கு நாங்கள் அளந்தது அவளுடைய சிநேகிதியின் மட்டையை. பிடி நேராக வேண்டுமா, அடியில் விரிந்து வர வேண்டுமா என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். விரிந்த பிடி கையிலிருந்து நழுவாது. நேர்ப்பிடியில் போர்ஹாண்டிலிருந்து (உள்ளங்கைப் பக்கத்தால் அடிப்பது) பேக்ஹாண்டுக்குப் பிடியை மாற்றுவது சுலபம்.

மற்றதெல்லாம் சுருக்கம்: ஐந்து அடுக்கு மரம், 6 மில்லிமீற்றருக்குள் தடிப்பு, 80 முதல் 88 கிராம் எடை. மரத்துக்கு இடையில் காபன் நார் அடுக்கு வைத்தது வேண்டாம். காபன் பிளேட்டில் பந்து பட்டதும் பறந்துவிடும், பழகுகிறவரின் கைக்கு அதை உணர நேரம் கிடைக்காது. நடுவில் ஆயூஸ் மரம், வெளியே லிம்பா மரம் என்று செய்பவர் சொன்னால் சம்மதிக்கலாம், ஆரம்பத்துக்கு நல்ல சேர்க்கை அது.

2. வந்தவுடன்

றப்பர் ஒட்ட அவசரப்பட வேண்டாம். மூன்று நாள் வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், விடும். வந்த நாளும் மூன்றாம் நாளும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். எங்களுடையது மார்கழி மழைக்குள் வந்தது, மூன்று நாளில் 2 கிராம் கூடிற்று. வைகாசியில் கச்சான் காற்று வீசும்போது வந்திருந்தால் இப்படி ஏறியிராது.

அடிமட்டத்தின் விளிம்பைப் பிளேட்டின் மேல் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடையால் வெளிச்சம் வந்தால் மரம் வளைந்திருக்கிறது. அப்படியிருந்தால் எதையும் ஒட்டாமல் செய்தவருக்கே திருப்பி அனுப்புங்கள்.

அப்புறம் வெறும் மரத்தில் பந்தைத் தட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு சத்தம், ஓரத்தில் வேறு சத்தம் கேட்கும். சத்தம் கூர்மையாக இருந்தால் மரம் விறைப்பானது, பந்து வேகமாகப் போகும். மந்தமாக இருந்தால் மரம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். றப்பர் ஒட்டிய பிறகு இந்தச் சத்தத்தை இவ்வளவு தெளிவாகக் கேட்க முடியாது.

3. விளிம்பும் வார்னிஷும்

ஆட்காட்டி விரல் படியும் இடம், பெருவிரல் இடுக்கு படியும் இடம் இரண்டிலும் மட்டும் விளிம்பின் கூரை 240 இலக்க சாண்ட் பேப்பரால் மெல்லத் தேய்த்து மழுக்குங்கள், 400 ஆல் முடியுங்கள். பத்துத் தரம் தேய்த்தால் ஒரு தரம் பிடித்துப் பாருங்கள். றப்பர் ஒட்டும் பரப்பில் சாண்ட் பேப்பர் படவே கூடாது.

தண்ணீரில் கரையும் வார்னிஷைத் துணியில் சிறிது தொட்டு, பிளேட்டின் இரு பக்கமும் ஒரு மெல்லிய பூச்சு துடைத்துவிடுங்கள். தடிப்பாகப் பூசினால் மரத்தின் உணர்வு மாறிவிடும். எங்கள் ஊர் ஈரத்தில் இதைத் தவிர்க்கவே கூடாது. என் முதல் மட்டைக்கு நான் பூசவில்லை, றப்பரை மாற்றக் கழற்றியபோது நார் நாராக மரமும் சேர்ந்து வந்தது.

4. றப்பர் ஒட்டுவது

பழைய மட்டையில் இருந்த அதே வகை றப்பரை, அதே பஞ்சுத் தடிப்பில் (பஞ்சு என்பது றப்பரின் அடியில் இருக்கும் மெத்தென்ற அடுக்கு) வாங்குங்கள். இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்துவேன். மரமும் றப்பரும் ஒரே நேரத்தில் மாறினால், பந்து நீளமாகப் போவது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. தங்கச்சிக்கு முன்பு 1.8 மில்லிமீற்றர், இப்போதும் அதுவே.

மேசைப்பந்துக்கென்று வரும் தண்ணீர்ப் பசையையே பயன்படுத்துங்கள். முன்பு சைக்கிள் ரியூப் ஒட்டும் சொலூஷனைப் பூசி வேகம் கூட்டினார்கள். அதன் ஆவி உடம்புக்குக் கேடு, அவ்வகைப் பசைகள் 2008 இல் தடை செய்யப்பட்டன.

பஞ்சிலும் மரத்திலும் மெல்லியதாகப் பரப்புங்கள். வெள்ளையாக இருக்கும் பசை கண்ணாடிபோல் தெளிய வேண்டும். வெயில் காலத்தில் ஃபேனுக்குக் கீழே கால் மணி நேரம் போதும், மழைக்காலத்தில் ஒரு மணி நேரமும் ஆகும். தெளியாமல் ஒட்டினால் உள்ளே குமிழி நிற்கும். பிடிப்பக்கம் தொடங்கி, இழுக்காமல் படிய விட்டு, ஒரு கண்ணாடிப் போத்தலை மேலே உருட்டுங்கள். றப்பரில் இருக்கும் சம்மேளன அனுமதி முத்திரை பிடிக்கு அருகே தெரிய வேண்டும். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்புப்போலப் பளிச்சென்ற நிறம். ஓரத்தைப் புதிய கட்டர் அலகால் வெட்டுங்கள்.

5. ஆடிப் பழகுவது

முதல் நாள் மண்டபத்தின் கடற்பக்க யன்னல்களைச் சாத்திவிட்டு ஆடுங்கள். பந்தின் எடை 2.7 கிராம்தான், பின்னேரக் கடற்காற்று அதை அரை அடி நகர்த்தினால் பிழை பிளேட்டின் மேல் விழும்.

பழைய மட்டையால் இருபது போர்ஹாண்ட், புதியதால் இருபது, பாதி வேகத்தில். பந்து மேசையைத் தாண்டினால் மட்டையைக் கொஞ்சம் கவிழுங்கள், வலையில் விழுந்தால் கொஞ்சம் நிமிர்த்துங்கள். வீச்சின் பலத்தை மாற்ற வேண்டாம். இந்த ஒப்பீடு அன்றைக்கு மட்டும். மறுநாளிலிருந்து பழைய மட்டை வீட்டிலேயே இருக்கட்டும், இரண்டையும் மாறி மாறிப் பிடித்தால் கை எதையும் பழகாது.

குட்டைச் சேர்வ் நல்ல சோதனை. எதிராளியின் பக்கம் பந்து இரண்டு தரம் குத்தும்படி மெல்ல வெட்டிப் போடுங்கள். இரண்டாவது குத்து மேசைக்கு வெளியே போனால், கை இன்னும் பழைய மரத்தின் கணக்கில் தள்ளுகிறது. தங்கச்சிக்கு அது சரியாக வர ஒன்பது நாள் பிடித்தது. ஆனால் பேக்ஹாண்ட் முதல் நாளே மாறிவிட்டது, சுண்டுவிரல் பிடியைச் சுற்றி முழுதாக மூடியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இரண்டு வாரம் கழிந்தும் தலைப்பக்கம் பாரமாகத் தோன்றினால், பிடியின் அடியில் இரண்டு சுற்று டேப் சுற்றுங்கள். மட்டையை ஒரு விரலில் நிறுத்திப் பார்த்தால், சமநிலைப் புள்ளி பிடியை நோக்கி நகர்ந்திருப்பது தெரியும்.

6. வைப்பது

மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் விடாதீர்கள். ஆடி முடிந்ததும் ஈரத்துணியால் றப்பரைத் துடைத்து, காய்ந்த பிறகு உறைக்குள் போடுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தையும் உள்ளே வையுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் பை நனைந்து வீடு வந்தால், முதலில் மட்டையை வெளியே எடுத்து வையுங்கள். பையை அப்புறம் பார்க்கலாம்.