நெல்லைச் சீமை நிலநடுக்கங்களுக்கு இயங்குமுறைப் பட்டியல் போடுவது எப்படி?

தென்காசிப் பக்கம் பாத்திரம் லேசாக உருண்டாலே ‘எத்தனை ரிக்டர்?’ என்றுதான் கேட்போம். பூமிக்குள் பிளவு எந்தத் திசையில் ஓடுகிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது, பாறை எந்தப் பக்கம் நழுவியது என்பதை அந்த எண் சொல்லாது. இந்த மூன்று கோணங்களுக்கு ஸ்ட்ரைக், டிப், ரேக் என்று பெயர். மூன்றும் சேர்ந்ததுதான் இயங்குமுறை. உலகம் முழுக்க நடக்கும் நடுக்கங்களின் இயங்குமுறைகளைத் தொகுக்கும் சிஎம்டி பட்டியலில் பெரும்பாலும் 5 அளவுக்கு மேற்பட்ட நடுக்கங்கள்தான் இருக்கும். நம் பக்கத்துச் சின்ன நடுக்கங்களுக்கு நாமே பட்டியல் போட வேண்டியதுதான்.

1. எல்லையும் நிலையங்களும்

வட அட்சம் 8 முதல் 9.5, கிழக்குத் தீர்க்கம் 76.5 முதல் 78.5 என்று கட்டம் போட்டால் பொதிகை மலையும் அச்சன்கோவில் வெட்டு மண்டலமும் (பாறைகள் ஒன்றையொன்று உரசி நழுவிய பழைய பட்டை) உள்ளே வந்துவிடும். நடுக்கத்தைப் பதிவுசெய்யும் நிலையங்களை மட்டும் இந்தக் கட்டத்துக்குள் அடைக்காதீர்கள். மூன்று பக்கமும் கடல் என்பதால் கருவிகள் வடக்கே குவிந்துவிடும். தென்கிழக்கு இடைவெளியை அடைக்க இலங்கையின் பல்லேகெலே நிலையம் உதவும். அதன் தரவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து சுமார் 360 கி.மீ. தூரம். அவ்வளவு தள்ளி முதலில் வந்து சேர்வது மெலிந்த அலைதான். அதன் முதல் அசைவு மேலா கீழா என்று தெளியவில்லை என்றால் அந்த நிலையத்துக்குக் குறி போடாமல் வெற்றாக விடுங்கள்.

2. பதிவுகளை இறக்குதல்

பைத்தான் நிரல்மொழியும், நில அதிர்வுப் பதிவுகளைக் கையாள அதில் உள்ள ஆப்ஸ்பை தொகுப்பும் போதும். அலைப்பதிவு மினிசீட் என்ற கோப்பு வடிவில் வரும். நிலைய விவரக் கோப்பையும் மறக்காமல் கூடவே இறக்குங்கள்.

3. குவாரி வெடிகளைக் களைதல்

நம் ஊர்ப் பட்டியலைக் கெடுப்பதில் முதலிடம் கல்குவாரிக்கு. பதிவு நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும்; 5 மணி 30 நிமிடம் கூட்டி நம் நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரே இடத்தில், பகல் வேலை நேரத்தில் மட்டும், ஆழமே இல்லாமல் வரிசையாக வந்தால் சந்தேகப்படுங்கள். வெடி எல்லாப் பக்கமும் வெளியே தள்ளுவதால், எல்லா நிலையத்திலும் முதல் அசைவு மேல்நோக்கியே இருக்கும். நிஜ நடுக்கத்தில் சில நிலையங்கள் மேலே, சில கீழே என்று பிரிந்து நிற்கும்.

4. முதல் அசைவைக் குறித்தல்

செங்குத்துப் பதிவில் பி அலை (முதலில் வந்து சேரும் வேகமான அலை) தொடங்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே போனால் கூட்டல், கீழே போனால் கழித்தல். ஆடிக் காற்றும் பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளும் இரைச்சலைக் கூட்டும். உடனே வடிகட்டத்தான் கை போகும். வடிகட்டுங்கள், ஆனால் ‘சீரோஃபேஸ்’ வகை வடிகட்டி வேண்டாம். அது முன்னும் பின்னும் ஓடுவதால் உண்மையான தொடக்கத்துக்கு முன்பே பொய்யான ஒரு சின்ன அசைவு முளைத்துவிடும். அதை நம்பிக் குறித்தால் கூட்டல் கழித்தலாகும்.

சில நிலையங்களில் வயர் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கும். தூரதேசத்துப் பெரிய நடுக்கம் ஒன்றை எடுத்து எல்லா நிலையத்தையும் ஒப்பிடுங்கள். அங்கிருந்து பார்த்தால் நம் நிலையங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே திசையில் இருப்பதால், முதல் அசைவும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால் அதன் குறியை மாற்றுங்கள், எந்தத் தேதியிலிருந்து மாற்றினீர்கள் என்றும் எழுதிவையுங்கள்.

5. கணக்கு

கூட்டல், கழித்தல் குறிகளிலிருந்து மூன்று கோணங்களையும் கண்டுபிடிக்க, ஹார்டிபெக், ஷியரர் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஹாஷ் முறை தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. ஆழத்தையும் அலைவேகத்தையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பலமுறை ஓட்டி, விடை எவ்வளவு அலைகிறது என்று பார்த்து ஏ முதல் டி வரை தரம் போடும். எட்டுக் குறிகூடத் தேறாத நடுக்கத்தை நான் கணக்குக்கே எடுப்பதில்லை. வந்த விடையில் ரேக் 90-ஐ ஒட்டி இருந்தால் மேலேறிய பிளவு, −90 என்றால் கீழிறங்கியது, 0 அல்லது 180 என்றால் பக்கவாட்டு நழுவல்.

6. பட்டியலில் என்னென்ன?

நேரம், இடம், ஆழம், அளவு, மூன்று கோணங்கள். இவற்றோடு குறிகளின் எண்ணிக்கை, நிலையங்களுக்கிடையே உள்ள பெரிய இடைவெளிக் கோணம், தரம் ஆகிய மூன்றும் கட்டாயம். டி தரத்தை அழிக்க வேண்டாம், டி என்றே போடுங்கள்.

முதல் அசைவுக் கணக்கு எப்போதும் பிளவாக இருக்கக்கூடிய இரண்டு தளங்களைத் தரும்; எது நிஜப் பிளவு என்று அதனால் சொல்ல முடியாது. ஒரு தளம் அச்சன்கோவில் மண்டலத்தைப் போல வடமேற்கு–தென்கிழக்காக ஓடுகிறதே என்று அதையே தேர்ந்துவிடாமல் இரண்டையும் எழுதுங்கள். பின்னதிர்வுகள் எந்தத் தளத்தில் வரிசைகட்டுகின்றன என்று தெரிந்த பிறகு ஒன்றுக்கு நட்சத்திரக் குறி போட்டுக்கொள்ளலாம்.