மாவட்டத்தின் தலைசிறந்த பத்து வீரர்கள்: பட்டியல் போடும்போது விடும் பிழைகள்

கழக மலருக்கோ பாடசாலை ஆண்டு மலருக்கோ "மட்டக்களப்பின் தலைசிறந்த பத்து வீரர்கள்" என்று பட்டியல் போட வெளிக்கிட்டால், பெயரை வைத்துத்தான் சண்டை வரும். ஆனால் முதல் பிழை அதற்கு முன்பே நடந்திருக்கும். எந்த மட்டக்களப்பு என்பதை ஒருவரும் முடிவு செய்திருக்கமாட்டார்கள்.

அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதுவரை கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டம்தான். 1950களில் ஆடிய கல்முனைக்காரரைப் பழைய பத்திரிகை "மட்டக்களப்பு வீரர்" என்றே எழுதியிருக்கும். இன்றைய எல்லைப்படி பிரித்துவிட்டு, பெயருக்குப் பக்கத்தில் அன்றைய மாவட்டத்தையும் போடுங்கள். அல்லாவிட்டால் அம்பாறைக்கு 1961க்கு முன் விளையாட்டே இல்லை என்றாகிவிடும். இதேபோல் 1988 தொடக்கம் 2006 முடியும் வரை வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணம். அந்தக் காலத்தில் "வடகிழக்கு" என்று பதிவான பதக்கம் யாழ்ப்பாணத்தவருடையதாகவும் இருக்கலாம், திருகோணமலையாருடையதாகவும் இருக்கலாம். மாவட்டம் தெரியாமல் அதைச் சேர்க்கக்கூடாது.

"தொழில்முறை வீரர்" என்று நிபந்தனை போட்டால் பட்டியல் காலியாகும். இங்கே விளையாட்டே சம்பளம் தந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் ஆசிரியர், வங்கி ஊழியர், பொலிஸ், இராணுவம். பொலிஸிலோ இராணுவத்திலோ சேர்ந்தவரின் சாதனை அந்த அணியின் பெயரில்தான் இருக்கும். மாவட்டப் பெயரை மட்டும் தேடினால் அவர் அகப்படமாட்டார்.

ஆகக் கூடுதலான பிழை மெய்வல்லுநர் நேரங்களில்தான். 1965இல் 100 மீற்றரை 11.0 செக்கனில் ஓடியவரும், பிற்காலத்தில் 11.15 செக்கனில் ஓடியவரும் இருந்தால், முன்னவரே வேகமானவர் என்று எழுதிவிடுவார்கள். 11.0 கையால் இயக்கும் நிறுத்தற் கடிகாரத்தின் நேரம், 11.15 மின்னணு நேரம். கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 100, 200 மீற்றருக்கு 0.24 செக்கனும் 400 மீற்றருக்கு 0.14 செக்கனும் கூட்டுவது வழக்கம். கூட்டினால் முன்னவருடையது 11.24, பின்னவர்தான் முந்துகிறார். இரண்டு தசமம் இருந்தால் மின்னணு நேரம்தான் என்று நம்பிவிடவும் வேண்டாம். இப்போதைய நிறுத்தற் கடிகாரங்களும் 11.18 என்று காட்டும், அதை அப்படியே தாளில் எழுதிவிடுவார்கள். கை நேரத்தை அடுத்த பத்தில் ஒன்றுக்கு உயர்த்த வேண்டும் என்பது விதி: முதலில் 11.2, பிறகு 0.24 கூட்டி 11.44. பழைய பதிவு யார் (கெஜம்) அளவில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. 100 யார் என்பது 91.44 மீற்றர், மிச்ச 8.56 மீற்றருக்கு நல்ல ஓட்டக்காரருக்கு ஏறத்தாழ 0.9 செக்கன் வேண்டும்.

எறிதலில் நிறையைப் பாருங்கள். ஆண்களுக்கான குண்டு 7.26 கிலோகிராம், 20 வயதுக்குட்பட்டோருக்கு 6 கிலோகிராம். பாடசாலைக் காலத்துத் தூரத்தைத் திறந்த போட்டியின் தூரத்தோடு ஒரே வரியில் வைக்கக்கூடாது. ஆண்களின் ஈட்டி 1986இலும் பெண்களுடையது 1999இலும் மாற்றப்பட்டன. முந்திய தூரங்கள் வேறு கணக்கு.

கூடைப்பந்தாட்டத்தில் மொத்தப் புள்ளிகளை வைத்து ஒருவரை உயர்த்துவதும் ஆபத்து. மூன்று புள்ளிக் கோடு சர்வதேச விதிக்குள் வந்ததே 1984இல். அதற்கு முன் தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான். பந்தடி என்றதும், மட்டக்களப்பில் பயிற்றுநராக இருந்த பாதிரியார் வெபர் அடிகளாரின் பெயரையும் சேர்க்கச் சொல்லி ஒருவர் கட்டாயம் கேட்பார். மைதானத்துக்கே பெயராகிவிட்ட அவர் போன்றோருக்குப் பயிற்றுநர் பக்கம் தனியாக இருக்கட்டும். வீரர் பட்டியலில் நுழைத்தால் இரண்டும் கெடும்.

"இலங்கைக்கு ஆடியவர்" என்ற வரியை உடனே நம்பவேண்டாம். தேசிய குழாமுக்கு அழைக்கப்பட்டவர், கனிஷ்ட அணியில் ஆடியவர், கழகத்தோடு வெளிநாடு போய்வந்தவர் எல்லோரும் அந்த வரிக்குள் வந்துவிடுவார்கள். 35 வயதுக்கு மேற்பட்டோரின் மூத்தோர் போட்டியில் பெரும்பாலும் தாமே பதிந்து பங்குபற்றலாம். அங்கே வென்ற "ஆசியப் பதக்கம்" மதிக்கத்தக்கதுதான், ஆனால் ஆசிய விளையாட்டு விழாப் பதக்கம் அல்ல.

போரிலும் 2004 சுனாமியிலும் எத்தனையோ வீடுகளில் சான்றிதழ்கள் போய்விட்டன. ஆகவே கையில் கடதாசி உள்ளவர்களை மட்டும் எடுத்தால் பட்டியல் அண்மைக்காலத்தவர்களாலேயே நிறையும். சுற்றுக் கிண்ணத்தின் அடிப்பலகையில் பொறித்த ஆண்டும் பெயரும், பாடசாலை மலர், 1930இல் தொடங்கிய வீரகேசரி, 1932இல் தொடங்கிய தினகரன் ஆகியவற்றின் பழைய இதழ்கள், இவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால் எடுக்கலாம். ஒரு கிண்ணம், ஒரு பத்திரிகைச் செய்தி போதும். மூன்று பேரின் ஞாபகம் போதாது.

பெயரிலும் இடறுவோம். கலியாணத்துக்குப் பிறகு பெயரின் முதலெழுத்து மாறிய வீராங்கனையை இருவராகப் பிரித்து எண்ணிவிட்டு, "இருவருக்கும் பதக்கம் குறைவு" என்று இருவரையும் விட்டுவிடுவார்கள். முகம்மது, முஹம்மத், மொஹமட் என்று மூன்று விதமாக எழுதப்பட்டவர் மூன்று பேராகிவிடுவார். மறுபுறம், ஒரே முதலெழுத்துள்ள அண்ணனும் தம்பியும் ஒருவராகிவிடுவதும் உண்டு. முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பிறந்த ஆண்டு, படித்த பாடசாலை, தகப்பன் பெயர் மூன்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.