கடலூர் என்ற சொல் எங்கே முடிகிறது? தப்பான கோட் விளக்கத்தைத் திருத்தும் முறை

மஞ்சக்குப்பத்தில் ஒரு கடைக்காகக் கணினியில் முகவரி தட்டும் பெட்டி செய்துகொண்டிருந்தேன். தட்டும் உரையைச் சொல் சொல்லாகப் பிரிக்க ஒரு பழைய பைத்தான் ஃபங்ஷன் கிடைத்தது. அதன் டாக்ஸ்ட்ரிங்கில், அதாவது ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதிவைக்கும் குறிப்பில், இருந்த விளக்கம் இது: "ஒவ்வொரு சொல்லும் தொடங்கும், முடியும் இடங்களைத் தரும். எல்லா மொழிக்கும் பொருந்தும்." நம்பினேன். திருப்பாதிரிப்புலியூர் சில்லுச் சில்லாக வந்தது. ஒரு நாள் முழுக்க என் கோடில் தப்பைத் தேடினேன்; தப்பு அந்த இரண்டு வரியில் இருந்தது. அடுத்தவருக்கு அந்த நாள் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் விளக்கத்தில் கை வைக்காதீர்கள், கோடை ஓட்டிப் பாருங்கள். அந்த ஃபங்ஷன் உள்ளே பயன்படுத்துவது, உரையில் வடிவங்களைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சொல் எல்லையைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் பி. பைத்தானைத் திறந்து, ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கான ரீ மாட்யூலின் ஃபைண்ட்இட்டர் மூலம் அது பொருந்தும் இடங்களை அச்சிடுங்கள். பேக்ஸ்லாஷ் பியைச் சுற்றிய மேற்கோள் குறிக்கு முன்னால் ஆர் என்ற ஆங்கில எழுத்தைப் போட மறக்க வேண்டாம்; போடாவிட்டால் பைத்தான் அதை பேக்ஸ்பேஸ் என்று எடுத்துக்கொள்ளும், ஒன்றுமே பொருந்தாது.

கடலூர் என்ற ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் கொடுத்தால் 0, 9 என்று வரும். ஒன்பது எழுத்து, இரண்டு முனை, சரி. தமிழில் "கடலூர்" என்று கொடுங்கள். 0, 3, 4, 5 வரும்.

இங்கேதான் நிதானிக்க வேண்டும். நம் கண்ணுக்கு நான்கு எழுத்தாகத் தெரியும் கடலூர், எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் ஆறு துண்டுகள்: க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி. பேக்ஸ்லாஷ் பி என்பது எழுத்து அல்ல, ஓர் இடம். ஒரு பக்கம் எழுத்தோ எண்ணோ அடிக்கோடோ இருந்து, மறு பக்கம் அவை இல்லாவிட்டால் அந்த இடம் எல்லை. ஊகாரக் குறியும் புள்ளியும் யூனிகோடில் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. ஆகவே அவற்றை ஒட்டியெல்லாம் எல்லை விழுகிறது. அதைவிட முக்கியம், பட்டியலில் 6 இல்லை. புள்ளியில் முடிவதால், சொல் உண்மையில் முடியும் இடத்தை இந்த ஃபங்ஷன் காண்பதே இல்லை! இத்தனைக்கும் கடலூர் என்றே ஒரு மாறிக்குப் பெயர் வைத்தால் பைத்தான் 3 அதை ஒரே பெயராக மறுக்காமல் ஏற்கும்.

அப்புறம் விளக்கத்தை எழுதுங்கள். "தமிழில் சரியாக வேலை செய்யாது" என்று மொட்டையாக எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. நான் எழுதியது:

"பேக்ஸ்லாஷ் பி பொருந்தும் இடங்களின் எண்களைத் தரும். உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்தாகக் கணக்கில் வராததால், தமிழ்ச் சொல்லின் நடுவிலும் எல்லை வரும். குறியிலோ புள்ளியிலோ முடியும் சொல்லின் கடைசியில் வராது. வெற்று உரைக்கு வெற்றுப் பட்டியல் கிடைக்கும்."

இதன் கீழே கடலூர் எடுத்துக்காட்டையும் 0, 3, 4, 5 என்ற விடையையும், பைத்தான் திரையில் தெரியும் வடிவிலேயே சேருங்கள். டாக்டெஸ்ட் மாட்யூல் அதை ஓட்டிப் பார்க்கும். விடை பொருந்தினால் ஒன்றும் சொல்லாது. பொருந்தாவிட்டால் எதிர்பார்த்ததையும் கிடைத்ததையும் காட்டும். நாளைக்கு யாராவது கோடை மாற்றினால் டாக்டெஸ்டை ஓட்டியதுமே விளக்கம் பழசாகிவிட்டது என்று தெரிந்துவிடும்.

கமிட் செய்யும்போது, அதாவது மாற்றத்தைப் பதிவுசெய்யும்போது, விளக்கத் திருத்தத்தை மட்டும் அனுப்புங்கள். கோடையும் கூடவே மாற்றினால் பார்ப்பவருக்கு எது எதற்காக என்று புரியாது.

கோடைத் திருத்துவது அடுத்த வேலை. யூனிகோட் தரநிலையின் இணைப்பு 29 சொல் எல்லைக்கு விதி வகுத்திருக்கிறது. அதில் குறிகள் முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டியே போகும். ஐசியூ என்ற ஆயத்தக் கோட் நூலகம் அந்த விதியைப் பின்பற்றுகிறது. அதில் கடலூரைக் கொடுத்தால் 0, 6 என்று வரும்.