குட்டிப் பிள்ளைகளோடு ஏலகிரி ஏரிக்கு

சென்னையிலிருந்து சின்னப் பிள்ளைகளோடு ஏரிப்பக்கம் போக யாராவது யோசனை கேட்டால், நான் ஏலகிரியைத்தான் சொல்வேன். ஊட்டி, கொடைக்கானல் கூட்டம் இல்லை. புங்கனூர் ஏரியும் அளவானது, சுற்றி நடக்கப் பாதை இருக்கிறது.

காலையில் கிளம்பும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஜோலார்பேட்டையில் இறங்குங்கள். ஏலகிரி எக்ஸ்பிரஸ் சாயங்காலம்தான் கிளம்பும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை இருட்டில் மலையேற்ற வேண்டாம்.

மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வாந்திக்குத் தயாராகவே போங்கள். ஏறுவதற்கு முன் இரண்டு இட்லி போதும், பால் கொடுக்காதீர்கள். பாலிதீன் பை, ஈரத்துணி, மாற்றுச் சட்டை மூன்றும் கைப்பையிலேயே இருக்கட்டும். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பாரி, ஓரி என்று பலகையை வாசிக்கச் சொன்னால், என் பெரியவளுக்குக் குமட்டலே மறந்துவிடும்.

ஏரியில் மிதிபடகு வேண்டாம், குழந்தைக்குக் கால் எட்டாது. படகோட்டி ஓட்டும் துடுப்புப் படகில் ஏறுங்கள். லைஃப் ஜாக்கெட்டை மட்டும் நீங்களே சரிபாருங்கள். எல்லா வாரையும் பூட்டிவிட்டு, இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே இழுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறி வந்தால் அது பெரிய அளவு, சின்னது கேளுங்கள். இல்லை என்றால் படகே வேண்டாம், கரையில் நடக்கலாம். பிள்ளை அழட்டும், பரவாயில்லை.

அறையை ஏரிக்கு நடக்கும் தூரத்தில் பிடியுங்கள். மதியம் தூங்க வைத்துவிட்டு நான்கு மணிக்கு மறுபடி போகலாம். சனி, ஞாயிறைத் தவிர்த்தால் படகுக்குக் காத்திருக்கும் நேரம் குறையும். டிசம்பர், ஜனவரியில் ராத்திரி நன்றாகவே குளிரும், குல்லாவும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.