கேம் பொருள் ஏலமா? முடியும் நேரத்தைச் சரியாக எழுதுங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து வாட்ஸ்அப் கேம் குழுக்களில் கேமுக்குள் பயன்படும் பொருளை ஏலம் விடுபவர்களே, "இரவு 9 மணி வரை" என்று மட்டும் போடாதீர்கள். நம்மூர்க்காரர்கள் பலர் வளைகுடாவில் இருந்து விளையாடுகிறார்கள். இங்கே 9 என்றால் துபாயில் 7.30, சவூதியில் 6.30. "இந்திய நேரம்" என்று சேர்த்தே எழுதுங்கள்.

கடைசி 5 நிமிடத்தில் யார் விலை கேட்டாலும் அதிலிருந்து இன்னும் 5 நிமிடம் நீளும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மீன் ஏலத்தில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று இழுப்பது இதற்குத்தான். இல்லையென்றால் 8.59க்குக் காத்திருந்து ஒருவர் தட்டிக்கொண்டு போவார், மழையில் சிக்னல் போனவர் ஏமாறுவார், விற்பவருக்கும் விலை ஏறாது.

ஆரம்ப விலை 1,000 காயின் (கேமுக்குள் செல்லும் நாணயம்) என்றால் ஒவ்வொரு ஏற்றமும் குறைந்தது 50 இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு காயினாக ஏற்றியே குழுவை நிரப்பிவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடம் வரை திருத்தலாம். அதனால் செய்தியைத் திருத்திப் போட்ட விலை செல்லாது, புது விலை புதுச் செய்தியில்தான்.

பொருள் கைமாற்றக்கூடியதுதானா என்று முன்பே பாருங்கள். அக்கவுண்டோடு பிணைந்ததை ஏலம் விட்டுப் பயனில்லை.

ஏமாற்று நடப்பது டிரேட் விண்டோவில், அதாவது இருவரும் பொருளை வைத்து மாற்றிக்கொள்ளும் கேம் திரையில். ஒருவர் ரத்து செய்து மறுபடி திறந்தால், அதே ஐகான் உள்ள மட்டமான பொருளை வைத்திருக்கலாம். ஐகானை நம்பாமல் பெயரையும் லெவலையும் வாசித்த பிறகே உறுதி செய்யுங்கள். ரொக்கப் பணத்துக்கு விற்பதைப் பல கேம்களின் விதிகள் தடுக்கின்றன, அக்கவுண்டே முடங்கிப்போகும்.